தலைக்கா, தாளிப்புக்கா?

ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் தலையில் தேய்ப்பதற்கா, வாணலியில் ஊற்றுவதற்கா? இதற்கு விடை சொல்ல நம் நீதிமன்றங்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. வழக்கில் ஒரு தரப்பு, சேலம் மத்திய கலால் ஆணையர். சின்ன பாட்டிலிலும் பாக்கெட்டிலும் அடைத்து விற்றால் அது கூந்தல் தைலம்தான், அதற்குரிய வரியைக் கட்டு என்றது கலால் துறை. கிடையாது, இது சமையல் எண்ணெய் என்றன கம்பெனிகள். 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்பெழுத, விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 டிசம்பர் 18 அன்று முடிவு வந்தது. பாட்டில் சிறியது என்ற ஒரே காரணத்தால் எண்ணெய் தலைக்கு ஏறிவிடாது. கூந்தலுக்கானது என்று லேபிளில் சொல்லி விற்றால் ஒழிய, அது உண்ணும் எண்ணெய்தான்.

சண்டை தத்துவத்துக்காக நடக்கவில்லை. உண்ணும் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு அப்போது 18. 2025 செப்டம்பரில் தலை எண்ணெயும் 5-க்கு இறங்கிவிட்டதால், இனி இந்தக் கேள்வியில் வக்கீல்களுக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. ஆனால் நம் வீட்டுச் சமையலறைகளில் வழக்கு இன்னும் முடியவில்லை. "தலைக்குத் தேய்க்கிறதை எப்படிங்க சாப்பிடறது?" என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்தால் தொப்பை கரையும், மூளை துலங்கும் என்று வாட்ஸ்அப்பில் வகுப்பெடுப்பவர்கள் மறுபக்கம். இரண்டு கூட்டமும் இதை ஒழுங்காகச் சமைத்துப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

கணவாய்க்கு அந்தப்பக்கம்

இந்த வழக்கைக் கேட்டால் நாகர்கோவில்காரர்கள் சிரிப்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மண் அது. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. அரசு மாறியது, அடுப்படி மாறவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் மீன் குழம்பா, தீயலா, அவியலா, முந்திரிக்கொத்தா, எதற்கும் 'என்ன எண்ணெய்?' என்ற கேள்வியே எழாது. கணவாய்க்கு வடக்கே வந்தால் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்சி செய்கின்றன. தேங்காய் எண்ணெய் குளியலறை அலமாரிக்குப் போய்விடுகிறது. இதில் வேடிக்கை, கொங்கு நாடு. பொள்ளாச்சியில் தென்னை, காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் கொப்பரைக் களங்கள். கேரளத்துச் சமையலுக்குப் போகும் எண்ணெயில் கணிசமான பங்கு இங்கிருந்து போகிறது. ஆனால் அந்தக் களங்களுக்குப் பக்கத்து வீடுகளில் கடுகு பொரிவது பெரும்பாலும் கடலை எண்ணெயில்.

வாசனைதான் தடை என்கிறார்கள். வாசனையில் குற்றமில்லை, அதைச் சீப்போடும் சிக்கெடுத்த முடியோடும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தேங்காய்த் துருவலை வறுக்கும்போது வீடு முழுக்கப் பரவும் அதே மணம் எண்ணெயில் வந்தால் மட்டும் ஏன் கசக்க வேண்டும்?

இந்த மணத்தைக் கையாள்வதில் குமரி மாவட்டத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவியலைப் பாருங்கள். காய் வெந்து, தேங்காய் அரைப்பும் தயிரும் சேர்ந்து, அடுப்பை அணைத்த பிறகு, இரண்டு கரண்டி பச்சை எண்ணெயை மேலே ஊற்றி, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடிவைப்பார்கள். தேங்காயின் மணத்துக்குக் காரணமான லாக்டோன்கள் என்ற சேர்மங்கள் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். தாளிப்பிலேயே எல்லா எண்ணெயையும் ஊற்றினால் மணம் புகைபோக்கிக்குத்தான். மீன் குழம்பை இறக்கும்போது மேலே சுற்றி ஊற்றும் அந்த ஒரு கரண்டிக்கும் இதுதான் கணக்கு. முதல்முறை இந்த எண்ணெயைச் சமையலுக்கு எடுப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்: வழக்கமான எண்ணெயில் சமைத்துவிட்டு, கடைசியில் ஒரு டீஸ்பூன் மட்டும்.

இருபத்து நான்கு டிகிரி

மற்ற சமையல் எண்ணெய்கள் பெரும்பாலும் எண்ணெயாகவே இருக்கின்றன. தேங்காய் எண்ணெயோ மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ். சென்னையில் ஆண்டில் பெரும்பாலான நாள் இது திரவம். ஊட்டியில் பெரும்பாலான நாள் திடம்.

காரணம் இதன் கொழுப்பின் அமைப்பு. சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதிலும் ஏறக்குறைய பாதி, லாரிக் அமிலம் என்ற ஒரே வகை. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதம் அளவுதான். ஒரே மாதிரியான மூலக்கூறுகள் இவ்வளவு இருப்பதால், உறைந்தால் சட்டென்று உறைகிறது, உருகினால் சட்டென்று உருகுகிறது. இதன் பெருமைகளுக்கும் கோளாறுகளுக்கும் வேர் இது ஒன்றுதான். நேந்திரங்காய் சிப்ஸ் மொறுமொறுப்பாக நிற்பதும், பிஸ்கெட் வாயில் கரைவதும், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறுவதும் இதனால்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாமென்று சொல்ல வழியில்லை.

பொரிப்பதில் இதன் பலம் என்ன? நிறைவுற்ற கொழுப்பு காற்றோடும் சூட்டோடும் எளிதில் வினைபுரியாது. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். சிப்ஸ் கடைக்காரர் நேந்திரங்காயை எண்ணெய்க்கு மேலேயே சீவி விழவிட்டு, வேக்காட்டின் கடைசியில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றுகிறார். சடசடவென்று பொங்கி அடங்கும். வீட்டில் இதைச் செய்பவர்கள் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். செக்கு எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். தாளிக்கவும் வதக்கவும் அது போதும். கடும் தீயில் பொரிக்க, 200-க்கு மேலும் தாங்கும் சுத்திகரித்த எண்ணெயே சரி. இன்னொன்று, மிச்சமிருக்கும் தேங்காய் எண்ணெயோடு வேறு எண்ணெயைக் கலந்து பொரிக்காதீர்கள். லாரிக் வகை எண்ணெய் மற்ற எண்ணெய்களோடு சேர்ந்து சூடேறினால் நுரைத்துத் தள்ளும்.

வெண்ணெய் இடத்தில்

பேக்கிங்கில்தான் இந்த எண்ணெயின் குணம் முழுசாகத் தெரியும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் பொருள் வேண்டாம் என்பவர்கள், வெண்ணெய் விலையைப் பார்த்து மிரண்டவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் இது. 'வெண்ணெய் எவ்வளவோ, அதே அளவு தேங்காய் எண்ணெய்' என்று பல குறிப்புகள் சொல்கின்றன. அப்படிச் செய்தால் கேக் எண்ணெய் கக்கும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி பாலோ தேங்காய்ப் பாலோ தண்ணீரோ போதும். உப்பு போட்ட வெண்ணெயைக் கேட்கும் குறிப்பாக இருந்தால் கால் டீஸ்பூன் உப்பு.

அடுத்த சிக்கல், அடித்து நுரைப்பது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்கள் கொழுப்புக்குள் காற்றை அடைக்கின்றன. கேக் எழும்புவது பாதி அந்தக் காற்றால். அதற்குக் கொழுப்பு மிருதுவான திடமாக இருக்க வேண்டும். வெண்ணெய் அந்தப் பதத்தில் நிதானமாக நிற்கும். தேங்காய் எண்ணெய் நிற்காது: 20 டிகிரிக்குக் கீழே கல், 24-க்கு மேலே தண்ணீர். இடையில் இருக்கும் மூன்று நான்கு டிகிரியில்தான் வித்தை. மே மாதத்து மதுரையில் அந்தப் பதம் தானாக வராது. ஐஸ் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் வெள்ளை படர்ந்து, தளரக் கடைந்த வெண்ணெய் போல ஆனதும் எடுத்துச் சர்க்கரையோடு அடித்துவிட வேண்டும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், நம் வெயிலுக்கு ஏற்ற வழி வேறு. காற்றை எண்ணெயில் தேடாமல் முட்டையில் தேடலாம். முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து இருமடங்காகும்வரை அடித்து, உருகிய எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றி, மாவைக் கிண்டாமல் மடித்துச் சேர்ப்பது. முட்டை சேர்க்காதவர்களுக்குத் தயிரும் சமையல் சோடாவும் அந்த வேலையைப் பார்க்கும். எந்த முறையானாலும் முட்டை, பால், தயிர் எதுவும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வரக்கூடாது. ஜில்லென்ற பாலில் எண்ணெய் பட்டதும் ரவை ரவையாக உறைந்துவிடும். கரைசல் திரிந்தது போலத் தெரியும். பயந்து கொட்டிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கலக்கினால் பழையபடி சேர்ந்துகொள்ளும்.

பிஸ்கெட்டில் கதை மாறுகிறது. மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சூழ்ந்துகொள்வதால் பசைத்தன்மை வளராது. கடித்ததும் பொலபொலவென்று உதிரும். நான்கட்டாய் வகைக்கு இது அற்புதமான கொழுப்பு. நாக்கின் சூட்டில் சட்டென்று உருகுவதால் ஒரு மெல்லிய குளிர்ச்சியும் தெரியும். வேஃபர் பிஸ்கெட்டுகளின் நடுவில் இருக்கும் கிரீமுக்கு இந்த வகைக் கொழுப்பைத் தேர்ந்தெடுப்பது அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். ஆனால் ஓவனில் வைத்ததும் எண்ணெய் முதலில் உருகி, பிஸ்கெட் தோசையாகப் பரவும் ஆபத்து உண்டு. தட்டி வைத்த உருண்டைகளை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, நன்கு சூடேறிய ஓவனுக்குள் தள்ளினால் வடிவம் நிற்கும்.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்ணெயில் இருக்கும் பால் புரதமும் சர்க்கரையும் சிவந்து மணக்கும். தேங்காய் எண்ணெயில் அவை கிடையாது. கேக் வெந்த பிறகும் வெளிறித் தெரியும். சிவக்கட்டும் என்று கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டால் காய்ந்துபோகும். மேலே கொஞ்சம் பால் தடவலாம், அல்லது வெள்ளைச் சர்க்கரையில் ஒரு பங்கைக் கருப்பட்டிக்கு மாற்றலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நன்கு பழுத்த வாழைப்பழம், உடன்குடிக் கருப்பட்டி, ஏலக்காய், செக்குத் தேங்காய் எண்ணெய்: இந்த நாலும் சேர்ந்த கேக்குக்கு வெண்ணெயைக் கொண்டுவந்தால் அது வேற்றாள் மாதிரி நிற்கும். இஞ்சி, சாக்லேட், முந்திரி ஆகியவையும் இதோடு ஒத்துப்போகும். வெறும் வெனிலா கேக்குக்கு மட்டும் செக்கு எண்ணெய் வேண்டாம். மணம் வெனிலாவை விழுங்கிவிடும். அங்கே வாசனை நீக்கிய சுத்திகரித்த எண்ணெய்தான்.

தேங்காய் எண்ணெய் கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தால் செங்கல்லாகும். இருக்கும் இடத்திலேயே மூடிவைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். குளிரில் வைத்தே ஆகவேண்டுமானால் சாப்பிடும் முன் லேசாகச் சூடாக்குங்கள். அந்தக் குணமே வேறொரு இடத்தில் உபயோகமாகிறது. 100 கிராம் சாக்லேட்டை இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோடு உருக்கி ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் சில விநாடிகளில் ஓடாக இறுகும். குழந்தைகள் அதைக் கரண்டியால் உடைத்துச் சாப்பிடுவார்கள். குழந்தைகள் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன்.

விரட்டியதும் அழைத்ததும்

பேக்கரிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அமெரிக்க பிஸ்கெட் கம்பெனிகளும் பாப்கார்ன் விற்ற சினிமா தியேட்டர்களும் நெடுங்காலம் தேங்காய் எண்ணெயையும் பனை எண்ணெய் வகைகளையும் பயன்படுத்தி வந்தவைதான். மாரடைப்பிலிருந்து பிழைத்த ஃபில் சோகோலோஃப் என்ற ஒமாஹா நகரத் தொழிலதிபர், 1988-இல் சொந்தக் காசில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, இந்த எண்ணெய்கள் அமெரிக்காவுக்கு விஷம் வைக்கின்றன என்று போர் தொடுத்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. 1994-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு பாப்கார்ன் எண்ணெயைப் பரிசோதித்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு தியேட்டர்களும் மாறின.

மாறி எங்கே போனார்கள் என்பதுதான் கொடுமை. பிஸ்கெட்டுக்குத் திடக் கொழுப்பு வேண்டும். சோயா எண்ணெயில் ஹைட்ரஜனைப் புகுத்திப் பாதி இறுக வைத்த கொழுப்பு அந்த இடத்துக்கு வந்தது. நம் ஊரில் 1937 முதல் டால்டா என்ற பெயரில் வீடு வீடாகப் போன வனஸ்பதியின் சொந்தக்காரன்தான் அது. அதில் உருவான டிரான்ஸ் கொழுப்பு, இதயத்துக்கு நிறைவுற்ற கொழுப்பைவிட மோசம் என்று பிறகுதான் தெளிவானது. 2015-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை வெளியேற்ற உத்தரவிட்டது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பயத்தில் ஓடி இன்னொரு குழியில் விழுந்த இந்த வரலாறு தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்குப் பெரிய ஆயுதமாகிவிட்டது. பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே, இது அமுதம் என்கிறார்கள்.

டிரான்ஸ் கொழுப்பு கெட்டது என்பதால் தேங்காய் எண்ணெய் நல்லது என்று ஆகிவிடாது.

டாக்டர் என்ன சொல்கிறார்?

2018-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹார்வர்டோடு தொடர்புள்ள பேராசிரியர் கரின் மிஷெல்ஸ் ஓர் உரையில் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்றார். அந்த வீடியோ உலகம் சுற்றியது. இந்தியத் தோட்டக்கலை ஆணையர் ஹார்வர்டுக்கு மறுப்புக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. விஷம் என்பது மிகையான பேச்சு. ஆனால் அவரை மறுக்கக் கிளம்பியவர்களின் கையிலும் வலுவான சான்று இல்லை.

2020-இல் 'சர்குலேஷன்' இதழில் வந்த ஆய்வு, 16 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைச் சராசரியாக 10 புள்ளிகளுக்குச் சற்று மேல் உயர்த்தியது. நல்லது எனப்படும் எச்.டி.எல்.லும் 4 புள்ளி ஏறியது. அந்த நாலை வைத்துக்கொண்டு பத்தை மறைப்பதுதான் விளம்பரங்களின் சாமர்த்தியம்.

உடல் இளைக்கும் என்ற கதையின் மூலமும் சுவையானது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சற்று வேகமாக எரிகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகள் காட்டின. அங்கே கொடுத்தது அதற்கென்றே தயாரித்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அந்தக் குறுகிய வகைகள் ஏழில் ஒரு பங்கு அளவுதான். லாரிக் அமிலத்தைப் பெயரளவில் நடுத்தரப் பட்டியலில் சேர்த்தாலும், உடலுக்குள் அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலியைப் போலத்தான் நடந்துகொள்கிறது. வெறும் வயிற்றுக் கரண்டிக்காரர்கள் வேறொருவருக்கு எழுதிய மருந்துச்சீட்டைக் காட்டி மருந்து வாங்குகிறார்கள்.

'எங்க தாத்தா இதைத்தானே சாப்பிட்டார்?' என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். பசிபிக்கின் டோக்கெலாவ் தீவுகளில் மக்களின் உணவு ஆற்றலில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே வந்தது. அங்கே இதயநோய் அரிது என்று 1981-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் தின்றது பெரும்பாலும் நாரோடு கூடிய தேங்காய், கூடவே மீன். சர்க்கரையும் மைதாவும் சொற்பம். தாத்தாவும் தென்னை ஏறிவிட்டு வந்துதான் சாப்பிட்டார். நாம் லிஃப்டில் இறங்கி வந்து நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறோம்.

ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 12 கிராம். அதே அளவு வெண்ணெயில் 7. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஏறக்குறைய 22 கிராம். ஆக, அவியலில் ஆளுக்கு ஒரு டீஸ்பூனுக்கு இடமிருக்கிறது. விசேஷத்துக்கு ஒரு கேக்குக்கும் இடமிருக்கிறது. மூன்று வேளைத் தாளிப்பு, பொரியல், சிப்ஸ் எல்லாம் இதிலேயே என்றால் இடமில்லை. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எண்ணெயை மாற்ற வேண்டாம். வெண்ணெய்க்குப் பதில் இதைப் போட்ட கேக் 'ஆரோக்கிய கேக்' அல்ல, அது கேக்.

வாங்கும்போது

2025-இல் அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டின் நடுவில் சந்தை விலை ஏறக்குறைய அதன் இருமடங்கைத் தொட்டது. கேரளத்தில் சில்லறை விற்பனையில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்துப் பன்னிரண்டு காய் வேண்டும் என்ற கணக்கைப் போட்டாலே, சல்லிசாக விற்கும் 'சுத்தமான' எண்ணெயின் லட்சணம் புரிந்துவிடும். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். விலை சரிந்து காய் களத்தில் குவியும் ஆண்டுகளில் அந்தக் கோரிக்கைக்கு நியாயம் அதிகம். ஆனால் ரேஷன் அட்டைக்கார வீட்டின் ஒரே சமையல் எண்ணெயாக இது இருப்பது, மேலே சொன்ன கணக்கின்படி, எனக்குச் சம்மதமில்லை.

கொப்பரை சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையிலிருந்து அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு வரும். 2021 மார்ச்சில் இலங்கையில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அது இருப்பது தெரிந்து பெரிய அமளியே நடந்தது. செக்கில் நம் கண்ணெதிரே ஆட்டினாலும் உள்ளே போகும் கொப்பரை கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் பயனில்லை. செக்கை மட்டும் பார்க்காதீர்கள், கொப்பரை மூட்டையைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று பளபளத்தாலும் கந்தகப் புகை போட்டதா என்று கேளுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். முழுக்க வெள்ளையாக உறைந்தால் சுத்தம், மேலே திரவம் தங்கினால் கலப்படம் என்பது அதன் விதி. சூரியகாந்தி எண்ணெயோ பாமாயிலோ கலந்திருந்தால் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் கலப்படக்காரர்களுக்குப் பிடித்தது பனங்கொட்டைப் பருப்பு எண்ணெய். அதுவும் லாரிக் வகைதான். தேங்காய் எண்ணெய் மாதிரியே உறைந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும்.

வீட்டுக்கு வந்த எண்ணெயில் சோப்பு ருசி அடித்தால் பெரும்பாலும் ஈரத்தின் வேலை. தண்ணீர் பட்டால் லாரிக் அமிலம் பிரிந்து வெளியே வரும்; சோப்பு செய்யவும் அதே கொழுப்பைத்தான் எடுக்கிறார்கள், ருசி அப்படித்தான் இருக்கும். கால் லிட்டர், அரை லிட்டராக வாங்குங்கள். பாட்டிலுக்குள் ஈரக் கரண்டி போகவே கூடாது. சிப்ஸ் பொரித்த எண்ணெயைச் சூடு ஆறியதும் வடிகட்டி, அடியில் தங்கிய மஞ்சள் தண்ணீரோடு சேர்க்காமல், தனிப் பாத்திரத்தில் வையுங்கள். அந்த வாரத்திலேயே தாளிக்கத் தீர்த்துவிடுங்கள்.